பகுதி மன்றம் நிலைக்க நகரம் செய்ய வேண்டியவை: ஒரு முழுமையான வழிகாட்டி

பகுதி மன்றத்தை, அதாவது ஒரு பகுதியின் மக்கள் கூடிப் பேசி நகர நிர்வாகத்துக்குக் கருத்துச் சொல்லும் அமைப்பை, தொடங்குவது எளிது. முதல் கூட்டத்துக்கு நாற்காலி பற்றாமல் சுவரோரம் நின்றபடி பேசுவார்கள். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். தலைவர், செயலாளர், கதவைத் திறந்துவிட்ட காவலாளி, மழைக்கு ஒதுங்கிய ஒருவர். "மக்களுக்கு அக்கறை இல்லை" என்று சொல்லிவிடுவது நிர்வாகத்துக்கு வசதி. ஆனால் நடந்தது வேறாக இருக்கும். முதல் கூட்டத்தில் ஒருவர் எரியாத தெருவிளக்கைப் பற்றிக் கேட்டார். இரண்டாம் கூட்டத்திலும் கேட்டார். "மேலே அனுப்பியிருக்கிறோம்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. மூன்றாம் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அவருக்கு அக்கறை இல்லாமல் போகவில்லை, நேரம் வீணாகிறது என்று புரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

எனவே இந்த வழிகாட்டி முழுவதும் இரண்டே கேள்விகளைச் சுற்றி வரும். முடிவெடுப்பதற்கு முன்னால் நகர நிர்வாகம் பகுதி மன்றத்தைக் கேட்கிறதா? மன்றம் சொன்னதற்குப் பின்னால் எழுத்தில் பதில் தருகிறதா? நிதி, அலுவலகம், பயிற்சி, இணையதளம் எல்லாம் இந்த இரண்டுக்கும் துணை. திட்டத்தை வரைகிற மாநகராட்சி அலுவலரும், மன்றம் அமைக்கக் கிளம்பிய குடியிருப்பாளரும் கையில் வைத்துக்கொண்டு படிக்கலாம் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

பகுதி மன்றம் என்பது எது

குடியிருப்போர் நலச் சங்கம் சந்தா கட்டியவர்களுக்கானது. அதை யாரும் தொடங்கலாம், யாரையும் சேர்க்காமலும் இருக்கலாம். பகுதி மன்றத்துக்கு அந்த உரிமை கிடையாது. நகரத்தின் சட்டம் அதை அங்கீகரிக்கிறது, ஆகவே அந்த எல்லைக்குள் இருக்கும் எல்லோருக்கும் அது கதவைத் திறந்து வைத்தாக வேண்டும். தேர்தலில் வென்ற கவுன்சிலருக்கு அது போட்டியும் அல்ல. பெரும்பாலான நகரங்களில் அதற்கு இருப்பது ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே. இறுதி முடிவு மாமன்றத்தின் கையில்தான்.

ஆலோசனை என்றதும் உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. மக்கள் பங்கேற்பை ஆராய்ந்த அமெரிக்கர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். அடியில் மக்களை ஏய்ப்பது, உச்சியில் அதிகாரம் மக்கள் கைக்கே வருவது. தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்துவது மூன்றும் நடுப்படிகள். அவற்றை அவர் கண்துடைப்பு என்ற கணக்கில்தான் சேர்த்தார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் ஆலோசனை உரிமை மட்டுமே உள்ள மன்றங்களும் காரியம் சாதித்திருக்கின்றன. லாஸ் ஏஞ்சல்ஸில் 2004-இல் தண்ணீர்க் கட்டண உயர்வை எதிர்த்துப் பகுதி மன்றங்கள் ஒன்றுசேர்ந்தன. முன்மொழிந்த அளவுக்கு உயர்வு நிறைவேறவில்லை. அதற்குப் பிறகு மின்சாரமும் தண்ணீரும் தரும் துறை அந்த மன்றங்களோடு எழுத்துபூர்வமான ஓர் உடன்பாட்டுக்கே வந்தது. ஆலோசனைக்குப் பலம் கிடைப்பது அது எப்போது, எந்த வடிவில் போய்ச் சேர்கிறது என்பதில்தான்.

படி 1: சட்டத்தில் எழுதுங்கள், சுற்றறிக்கையில் அல்ல

ஆணையர் ஒரு சுற்றறிக்கை போட்டு மன்றங்களைத் தொடங்கிவிடலாம். அடுத்த ஆணையர் வந்ததும் அது கிடப்பில் போகும். நிலைத்த மன்றங்களுக்குப் பின்னால் ஏதாவதொரு சட்டம் இருக்கிறது. நியூயார்க் 1975-இல் தன் நகர சாசனத்தை, அதாவது நகரத்தின் அடிப்படைச் சட்டத்தை, திருத்தி, அங்கே பகுதி மன்றங்களாக இருக்கும் 59 சமூக வாரியங்களுக்கு நிலப் பயன்பாட்டிலும் பட்ஜெட்டிலும் முறையான இடம் கொடுத்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் வாக்காளர்கள் 1999-இல் ஏற்ற புதிய சாசனத்தில்தான் பகுதி மன்றங்களும் அவற்றுக்கான தனித் துறையும் பிறந்தன. பிரான்ஸில் 2002-இல் வந்த சட்டம் 80,000 பேருக்கு மேல் வாழும் நகரங்கள் பகுதி மன்றங்களை அமைத்தே தீர வேண்டும் என்றது. 1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம், 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை கொண்ட நகராட்சிகளில் வார்டு குழுக்கள் வேண்டும் என்கிறது. இங்கிலாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. 2011-இன் சட்டப்படி, குறைந்தது 21 பேர் கொண்ட ஒரு பகுதி அமைப்பு தன் பகுதிக்கான வளர்ச்சித் திட்டத்தைத் தானே எழுதலாம். பொது வாக்கெடுப்பில் பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தால் அது சட்டபூர்வத் திட்டத்தின் பகுதியாகிவிடும். வீடு கட்டும் அனுமதி கேட்டு வருகிறவரின் மனுவை அதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

வரைவைப் படிக்கும்போது வினைச்சொற்களைப் பாருங்கள். "கருத்துக் கேட்கலாம்" என்று எழுதியிருந்தால் கேட்கமாட்டார்கள். "கேட்க வேண்டும்" என்று எழுதி, எத்தனை நாள் என்று சொல்லாமல் விட்டால், நேற்று மாலை கடிதம் அனுப்பிவிட்டு இன்று காலை முடிவெடுப்பார்கள். எந்தெந்த விஷயங்களை மன்றத்துக்கு அனுப்ப வேண்டும், எத்தனை நாள் முன்பு, யார் பெயரில் பதில் வர வேண்டும், எத்தனை நாளுக்குள் என்ற நான்கும் எண்ணோடும் பதவிப் பெயரோடும் துணைவிதியில் இருக்க வேண்டும். நோக்கவுரையில் ஜனநாயகத்தைப் பற்றி எவ்வளவு அழகாக எழுதினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் புரட்டிப் பார்ப்பது இந்த நான்கையும்தான்.

படி 2: எல்லைக்கோடு

இங்கே அதிக நேரம் செலவழிக்க வேண்டாம், ஆனால் அவசரப்படவும் வேண்டாம். வார்டு எல்லையையே மன்றத்துக்கும் வைத்துக்கொள்வது நிர்வாகத்துக்குச் சுலபம். குறை என்னவென்றால், வார்டு மறுவரையறை வரும்போதெல்லாம் மன்றமும் உடையும். மக்கள் தங்கள் பகுதி என்று எதைச் சொல்கிறார்களோ அதையே எல்லையாக்குவது இன்னொரு வழி. லாஸ் ஏஞ்சல்ஸில் குடியிருப்பாளர்களே எல்லை வரைந்துகொண்டு விண்ணப்பித்தார்கள். ஒரு மன்றத்துக்குக் குறைந்தது 20,000 பேர் என்ற பொது அளவு மட்டும் இருந்தது, அதற்கும் விலக்கு உண்டு. நாளடைவில் அங்கே சுமார் நூறு மன்றங்கள் உருவாயின. வசதியும் ஓய்வு நேரமும் உள்ள பகுதிகள்தான் முதலில் விண்ணப்பிக்கும் என்பது இந்த முறையின் பலவீனம். ஆகவே அலுவலர்கள் முந்திக்கொண்டு போக வேண்டிய இடம், எந்த விண்ணப்பமும் வராத பகுதி.

நடைமுறை அறிவுரை ஒன்றே ஒன்று: ஒரு வரைபடத்தை அச்சிட்டுப் பேருந்து நிறுத்தம், பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டிடம் என ஐந்தாறு இடங்களில் வைத்து, "உங்கள் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?" என்று பேனாவைக் கொடுங்கள். ஐம்பது பேர் வரைந்த கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் எல்லை தானாகத் தெரியும்.

படி 3: யார் உள்ளே, யார் வராமல் போகிறார்கள்

வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் உறுப்பினர் என்று வைத்தால் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள். அந்தப் பகுதியில் வேலை செய்கிறவர், கடை வைத்திருப்பவர், வேறு ஊரிலிருந்தோ நாட்டிலிருந்தோ வந்து வாடகைக்கு இருப்பவர், வாக்குரிமை வயது வராத பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தச் சாலையும் சாக்கடையும் பொதுதானே. லாஸ் ஏஞ்சல்ஸ் அங்கே வாழ்வோர், வேலை செய்வோர், சொத்து வைத்திருப்போர், பகுதியோடு தொடர்ந்த ஈடுபாடு உள்ளோர் என்று வாசலை அகலமாக வைத்தது. குடியுரிமை கேட்பதில்லை.

ஆனால் வாசல் அகலமாக இருப்பதாலேயே எல்லோரும் வந்துவிடமாட்டார்கள். அமெரிக்காவின் சியாட்டில் இதற்கு நல்ல பாடம். மக்கள் பங்கேற்பில் முன்னோடி என்று பெயர் வாங்கிய நகரம் அது. 1980-களின் கடைசியிலேயே பகுதிகளுக்கெனத் தனித் துறையும் 13 வட்டார மன்றங்களும் அமைத்தது. 2016-இல் அப்போதைய மேயர் எட் மர்ரே அந்த மன்றங்களோடு நகரத்துக்கு இருந்த முறையான உறவை முறித்துக்கொண்டார். கூட்டங்களுக்கு வருகிறவர்களில் வயதானவர்கள், சொந்த வீட்டுக்காரர்கள், வெள்ளையர்கள் மிகுதி. வாடகைக்காரர்கள், இளைஞர்கள், குடியேறியவர்கள் குறைவு என்பது அவர் சொன்ன காரணம். மன்றங்களில் உழைத்தவர்களுக்கு அது அடி வாங்கியது போலிருந்தது. முறித்தது சரியா என்பதில் எனக்கும் சந்தேகம் உண்டு, ஆனால் குற்றச்சாட்டில் பொய் இல்லை. வேலை நாளில் மாலை ஏழு மணிக்கு, இரண்டு மணி நேரம், ஒரே மொழியில் கூட்டம் வைத்தால் யார் வர முடியும்? அதற்கு வசதிப்பட்டவர்கள் வருவார்கள்.

இதைச் சரிசெய்ய "அனைவரும் வருக" என்ற சுவரொட்டி உதவாது. வராதவர்களின் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்ட் வேலைக்காரர்கள் வரவில்லையா, மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றுங்கள். சிறு பிள்ளைகளின் தாய்மார் வரவில்லையா, பக்கத்து அறையில் ஒருவரைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வையுங்கள், அந்தச் செலவை நகரம் ஏற்கட்டும். வேறு மொழி பேசுகிறவர்கள் உண்டென்றால் மொழிபெயர்ப்பவரை "தேவைப்பட்டால் கேளுங்கள்" என்று வைக்காமல், எப்போதும் இருப்பவராக வையுங்கள். தேவை என்று கேட்கவே அந்த மொழி தெரிந்திருக்க வேண்டுமல்லவா? சக்கர நாற்காலி ஏற முடியாத மாடியில் கூட்டம் வைக்கவே கூடாது. நிர்வாகக் குழுவில் வாடகைதாரர், இளைஞர், சிறுவணிகர் ஆகியோருக்குத் தனி இடம் ஒதுக்கலாம். ஒதுக்கினால் காலியாக இருக்கும் நாற்காலியாவது கண்ணில் படும்.

படி 4: ஓர் ஆளை அமர்த்துங்கள்

நகரம் தரக்கூடிய உதவிகளில் மலிவானதும் அருமையானதும் ஒரு நல்ல ஒருங்கிணைப்பு அலுவலர்தான். மன்றத்துக்குத் தலைமை தாங்குவதோ தீர்மானத்தை எழுதிக் கொடுப்பதோ அவர் வேலை அல்ல. நகர நிர்வாகத்தின் எந்த மாடியில் எந்த மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வடிகால் ஒரு துறை, அதன் மேலுள்ள சாலை வேறு துறை, அதன் ஓரத்து மரம் மூன்றாவது துறை. குடியிருப்பாளருக்கு அது ஒரே பிரச்சினை. மூன்று துறைக்கும் தனித்தனியே அலையும் வேலையைச் சம்பளம் வாங்கும் ஒருவர் ஏற்றால், சம்பளம் இல்லாமல் உழைக்கும் நாற்பது பேரின் பொறுமை மிஞ்சும்.

ஓர் அலுவலருக்கு எத்தனை மன்றம் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். மாதம் ஒரு கூட்டத்தில் அவர் நேரில் உட்கார வேண்டும், அடுத்த நாள் அதன் தொடர் வேலையைப் பார்க்க வேண்டும் என்று கணக்கிட்டால் பத்துக்கு மேல் ஒருவரால் தாங்காது என்பது என் கணிப்பு. அவரை இரண்டு ஆண்டுக்காவது இடமாற்றம் செய்யாதீர்கள். இன்னொன்று, அவர் எந்தத் துறைக்குக் கீழ் வருகிறார் என்பது. மக்கள் தொடர்புப் பிரிவுக்குக் கீழே வைத்தால் மன்றங்கள் நகரத்தின் விளம்பரத்துக்கான மேடையாகிவிடும். தனித் துறையாகவோ மாமன்றச் செயலகத்தோடு சேர்த்தோ வைப்பது நல்லது.

பயிற்சியும் இவர் பொறுப்பில் வரும். புதிதாக வந்த நிர்வாகிக்கு மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: கூட்டத்தை நடத்துவது, பட்ஜெட்டைப் படிப்பது, சொந்த ஆதாயம் உள்ள விஷயத்தில் ஒதுங்கி நிற்பது. இதற்கு இரண்டு மாலைகள் போதும். தலைமைப் பண்பு பற்றிய சொற்பொழிவுகளைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

படி 5: பணம்

இரண்டு பைகளைக் கலக்காதீர்கள். ஒன்று, மன்றம் ஓடுவதற்கான செலவு: அரங்கு, அச்சு, மொழிபெயர்ப்பு, பிள்ளைப் பராமரிப்பு. இரண்டு, பகுதியில் ஏதாவது செய்வதற்கான நிதி. முதலாவதைக் கொடுக்காமல் இரண்டாவதை மட்டும் கொடுத்தால் மன்றம் நடத்துகிறவர்கள் கைக்காசைப் போடுவார்கள். பிறகு கைக்காசு உள்ளவர்களின் மன்றமாக அது மாறிவிடும்.

செயல் நிதியைக் கொடுக்கும் முறைகளில் எனக்குப் பிடித்தது சியாட்டில் 1988-இல் தொடங்கிய இணை நிதி. பகுதி மக்கள் எவ்வளவு போடுகிறார்களோ அதற்கு ஈடாக நகரம் போடும். இதில் அழகு என்னவென்றால், மக்கள் தங்கள் பங்கைப் பணமாகத்தான் போட வேண்டும் என்பதில்லை. உழைப்பு நேரமும், இலவசமாகக் கிடைத்த பொருளும், ஒரு வடிவமைப்பாளர் கூலி வாங்காமல் செய்து தந்த வேலையும் கணக்கில் சேரும். பணம் இல்லாத பகுதியிலும் கைகள் உண்டு. ஆனாலும் நேரம் கூட இல்லாதவர்கள் வாழும் பகுதிக்கு, பங்கின் அளவைத் தளர்த்தி வைக்க வேண்டும்.

பெரிய தொகையைப் பகுதிகளின் கையில் கொடுத்த ஊர் அமெரிக்காவின் மினியாபொலிஸ். 1990-களில் தொடங்கி ஆண்டுக்கு 2 கோடி டாலர், 20 ஆண்டுகளுக்கு என்று திட்டம் போட்டார்கள். ஒவ்வொரு பகுதியும் முதலில் கூடிப் பேசித் திட்டம் எழுத வேண்டும், பிறகே பணம். பங்கேற்பு பெருகியது உண்மை. கூட்டங்களில் சொந்த வீட்டுக்காரர்கள் மிகுந்திருந்ததால் நிதியில் பெரும் பங்கு வீட்டைச் சீரமைக்கும் உதவியாகப் போனது, வாடகைதாரர்களுக்குக் கிடைத்தது குறைவு என்ற விமர்சனமும் உண்மை. அதாவது மூன்றாம் படியில் விட்ட தவறு ஐந்தாம் படியில் பணமாக வெளிப்படும்.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே 1989-இல் தொடங்கிய பங்கேற்பு பட்ஜெட், அதாவது நகரப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதில் மக்களே முடிவெடுக்கும் முறை, வேறு பாதை. நகரத்தை 16 வட்டாரங்களாகப் பிரித்தார்கள். எந்த வட்டாரத்துக்கு எவ்வளவு என்பதை மக்கள்தொகை, அடிப்படை வசதிக் குறைவு, மக்கள் முதலில் வேண்டுவது என்ற அளவுகோல்களைக் கொண்டு சூத்திரம் போட்டுக் கணக்கிட்டார்கள். யார் குரல் பெரிது என்று பார்த்துப் பிரிக்கவில்லை. விதிகளை ஆண்டுதோறும் பங்கேற்பாளர்களே திருத்தினார்கள். உங்கள் நகரம் எந்த வழியை எடுத்தாலும், பகுதிக்குப் பகுதி சமமாகப் பிரிப்பதா, தேவைக்கேற்பப் பிரிப்பதா என்ற கேள்வியை முதல் நாளே மேசையில் வைத்துத் தீர்த்துவிடுங்கள். பிறகு தீர்க்க முடியாது.

கணக்கு வழக்கில் ஒரே விதி: ரொக்கம் மன்றத்தின் கைக்குப் போகக் கூடாது. மன்றம் கூட்டத்தில் வாக்களித்துச் செலவை அனுமதிக்கும், நகரம் கடைக்காரருக்கு நேரே கொடுக்கும். சின்னச் செலவுக்கு நகரத்தின் பெயரில் வரம்பு வைத்த அட்டை ஒன்று இருக்கலாம். மாதக் கணக்கு அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்பட்டு, எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்பட வேண்டும். பொருளாளர்கள் திருடர்கள் என்பதால் இதைச் சொல்லவில்லை. தொலைந்துபோன ஒரு ரசீதால் நேர்மையான மனிதர் ஒருவர் ஊரில் தலைகுனிந்ததைப் பார்த்திருக்கிறேன். கடுமையான விதி அவரைப் போன்றவர்களுக்குப் பாதுகாப்பு. அதே நேரம் நகரமும் சொன்ன நாளில் பில்லைக் கொடுக்க வேண்டும். ஐந்து மாதம் இழுத்தடித்தால் அந்தப் பகுதியின் எந்தக் கடைக்காரரும் அடுத்த முறை மன்றத்துக்குப் பொருள் தரமாட்டார்.

படி 6: கூட்டமும் தீர்மானமும்

கூட்டத்துக்கு முன்பே அஜெண்டா வெளியாக வேண்டும். கலிஃபோர்னியாவில் 1953-இல் வந்த பிரவுன் சட்டம் என்னும் திறந்த கூட்டச் சட்டம் இதற்கு நல்ல அளவுகோல். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பு அஜெண்டாவை ஒட்ட வேண்டும், அதில் இல்லாத விஷயத்தில் அன்று முடிவெடுக்கக் கூடாது. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதி மன்றங்களுக்கும் அது பொருந்தும். "இதர விஷயங்கள்" என்ற வரியின் கீழ் கடைசி ஐந்து நிமிடத்தில் பெரிய முடிவுகள் நழுவிப் போவதை இந்த ஒரு விதி தடுத்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் பேசி முடித்துவிட்டுக் கூட்டத்தில் கை தூக்குவதும் இதே நோய்தான். அறிவிப்புக்கு வாட்ஸ்அப் போதும், முடிவுக்குக் கூடாது.

அஜெண்டாவின் முதல் உருப்படியாக "சென்ற தீர்மானங்களுக்கு வந்த பதில்கள்" என்பதை வையுங்கள். சிறப்பு விருந்தினர் உரை முதலில் வந்தால் மக்கள் அது முடிந்ததும் எழுந்துவிடுவார்கள். பதில்கள் முதலில் வந்தால், கேட்டவர் நேரத்துக்கு வருவார். பொதுமக்கள் பேச ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம், தலைவருக்கும் அதே அளவு. கோரம், அதாவது முடிவெடுக்கக் குறைந்தது எத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்பதை எட்டக்கூடிய எண்ணாக வைத்து, எட்டாதபோது பேசலாம், வாக்களிக்கக் கூடாது என்று எழுதிவிடுங்கள்.

இனித் தீர்மானம். மன்றங்கள் தோற்பது பெரும்பாலும் இந்தத் தாளில்தான். இப்படி ஒன்றை எண்ணிப் பாருங்கள்:

"எங்கள் பகுதியில் போக்குவரத்து நெரிசல் மிகுந்துள்ளதால் தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இதற்கு "ஆவன செய்யப்படும்" என்பதைத் தவிர எந்த அதிகாரியும் பதில் எழுத முடியாது. அதையே இப்படி எழுதலாம்:

"பள்ளிக்கு எதிரே உள்ள சந்திப்பில் காலை 8 முதல் 9 வரை பிள்ளைகள் சாலையைக் கடக்கப் பாதுகாப்பான வழி இல்லை. மூன்று வேலை நாட்கள் நின்று வாகனங்களையும் கடப்பவர்களையும் எண்ணிய விவரம் இணைப்பில் உள்ளது. போக்குவரத்துப் பொறியாளர் அந்த நேரத்தில் நேரில் வந்து பார்த்து, கடக்கும் கோடும் வேகத்தடையும் அமைக்க முடியுமா என 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆதரவு 17, எதிர்ப்பு 4, நடுநிலை 2. எதிர்த்தோர் கூறிய காரணம்: வேகத்தடையால் ஆம்புலன்ஸ் தாமதமாகும்."

எந்த இடம், எந்த நேரம், எந்த அதிகாரி, எந்தக் கெடு என்று எல்லாம் இருக்கிறது. எதிர்த்தவர்களின் காரணத்தையும் எழுதியது வேண்டுமென்றேதான். தோற்றவர்களின் கருத்தை மறைக்காத மன்றத்தின் தாளைப் பொறியாளர் நம்பிப் படிப்பார். தோற்றவர்களும் அடுத்த கூட்டத்துக்கு வருவார்கள்.

படி 7: முன்கூட்டிய தகவல், எழுத்தில் பதில்

இதுவே மையம். மற்ற எல்லாவற்றிலும் அரைகுறையாக இருந்து இதில் மட்டும் உறுதியாக இருக்கும் நகரத்தில் மன்றங்கள் பிழைத்துக்கொள்ளும்.

முன்கூட்டிய தகவல் என்றால், திட்டம் பென்சிலில் இருக்கும்போதே மன்றத்துக்கு வர வேண்டும். டெண்டர் விட்ட பிறகு நடத்தும் "கருத்துக் கேட்பு" வெறும் அறிவிப்பு. நியூயார்க்கில் நிலப் பயன்பாட்டை மாற்றும் விண்ணப்பம் முறைப்படி ஏற்கப்பட்டதும், அதை ஆராய்ந்து பொது விசாரணை நடத்திக் கருத்துச் சொல்லச் சமூக வாரியத்துக்கு 60 நாள் கிடைக்கும் என்று நகரச் சட்டம் வைத்திருக்கிறது. மாதம் ஒரு முறை கூடும் மன்றத்துக்கு அறுபது நாள் என்பது இரண்டு கூட்டம்: ஒன்றில் கேட்டுத் தெரிந்துகொள்ள, மற்றொன்றில் முடிவு சொல்ல. முப்பது நாளுக்குக் குறைவாகக் கெடு வைக்கும் நகரம், உண்மையில் பதிலை எதிர்பார்க்கவில்லை.

மன்றத்தின் கருத்து எங்கே போய் அமர்கிறது என்பதும் முக்கியம். லாஸ் ஏஞ்சல்ஸில் மன்றம் அனுப்பும் சமூகத் தாக்க அறிக்கை, மாமன்றத்தில் அந்த விஷயத்துக்கான கோப்போடு சேர்க்கப்படும். கவுன்சிலர் கோப்பைத் திறந்தால் அது கண்ணில் படும். பொது மின்னஞ்சல் பெட்டிக்கு அனுப்பிய கடிதத்துக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

பதில் விஷயத்திலும் நியூயார்க் பட்ஜெட் முறையைப் பார்க்கலாம். ஒவ்வொரு சமூக வாரியமும் ஆண்டுதோறும் தன் தேவைகளை வரிசைப்படுத்தி அனுப்பும்: முதலீட்டுப் பணிகளில் 40 வரை, நடைமுறைச் செலவுகளில் 25 வரை. ஒவ்வொன்றுக்கும் அந்தந்தத் துறை தனித்தனியாகப் பதில் எழுத வேண்டும், அந்தப் பதில்கள் வெளியிடப்படும். பல பதில்கள் மறுப்பாகவே இருக்கும். அது பரவாயில்லை. காரணத்தோடு வந்த மறுப்பை வைத்து அடுத்த ஆண்டு வேறு விதமாகக் கேட்கலாம், மௌனத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

உங்கள் நகரத்துக்கான பதில் படிவத்தில் நான்கு கட்டம் போதும். செய்கிறோம், இந்தத் தேதிக்குள். செய்ய முடியாது, இந்தக் காரணத்தால். இன்னும் ஆராய வேண்டும், இந்தத் தேதியில் சொல்வோம். இது எங்கள் துறை அல்ல, இவருக்கு அனுப்பிவிட்டோம். கீழே அதிகாரியின் பெயர், பதவி, கையெழுத்து. "பரிசீலனையில் உள்ளது" என்று ஐந்தாவது கட்டம் போட யாராவது ஆலோசனை சொன்னால், மறுத்துவிடுங்கள். எல்லாத் தாளும் அதற்குள்தான் போய் விழும்.

மன்றத்தின் பக்கத்தில் ஒரு பதிவேடு. தீர்மான எண், தேதி, யாருக்குப் போனது, கெடு, வந்த பதில், எழுப்பியவர். கூட்டத்துக்குக் கூட்டம் இதைத்தான் வாசிக்க வேண்டும். கெடு தாண்டிய தீர்மானம் தானாக ஒருங்கிணைப்பு அலுவலரிடம் போகும், அதற்கும் அசையாவிட்டால் மாமன்றத்தின் பார்வைக்குப் போகும் என்று துணைவிதியிலேயே எழுதிவிட்டால், யாரும் யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை.

படி 8: சண்டை வரும்

கட்சிக்காரர்கள் வரக் கூடாது என்று தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. கொடியையும் சின்னத்தையும் வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்லலாம். தேர்தலில் ஏதாவதொரு வேட்பாளரை மன்றத்தின் பெயரில் ஆதரிக்கக் கூடாது என்று விதி வையுங்கள். பதவிக் காலத்துக்கு வரம்பு வையுங்கள். பதினைந்து ஆண்டு ஒரே தலைவர் என்றால் அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மன்றம் அவர் வீட்டுத் திண்ணையாகிவிடும். தன் இடத்தை ஒட்டிய சாலை அகலமாவது பற்றியோ, மைத்துனர் கடையில் பொருள் வாங்குவது பற்றியோ பேச்சு வந்தால், நிர்வாகி அறையை விட்டு வெளியேறி, அது கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும். "வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தேன்" என்பது போதாது. அவர் உட்கார்ந்திருக்கும்போது எதிரே இருப்பவர் எப்படி வாய் திறப்பார்?

கவுன்சிலருக்கும் மன்றத்துக்கும் உரசல் வருவது இயல்பு. அவரைக் கூட்டத்துக்கு அழையுங்கள், பேசவும் விடுங்கள், வாக்கு மட்டும் வேண்டாம்.

முதல் ஆண்டு

முதல் மூன்று மாதம் ஆள் சேர்க்கவும் எல்லையும் விதியும் எழுதவும் போகும். நான்காம் மாதத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒரு சின்ன வேலையை எடுங்கள்: ஒரு பூங்கா இருக்கை, ஒரு திருப்பத்தில் கண்ணாடி, நடைபாதையில் சக்கர நாற்காலிக்கு ஒரு சரிவு. செலவு குறைவாகவும் துறை ஒன்றாகவும் இருக்கட்டும். மேம்பாலம் வேண்டும் என்று தொடங்கிய மன்றம் மேம்பாலம் வரும்வரை உயிரோடு இருக்காது. நகரத்தின் பட்ஜெட் எப்போது எழுதப்படுகிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கு நான்கு மாதம் முன்பே உங்கள் தேவைப் பட்டியல் போய்ச் சேர வேண்டும். பட்ஜெட் தாக்கலான பிறகு கொடுத்த பட்டியல் அடுத்த ஆண்டுக்குத்தான்.

நகர நிர்வாகம் ஆண்டு முடிவில் எண்ண வேண்டியது எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்பதை மட்டுமல்ல. எத்தனை தீர்மானத்துக்குக் கெடுவுக்குள் பதில் போனது, எத்தனை முடிவு மன்றத்தின் சொல்லால் மாறியது, வந்தவர்களில் எத்தனை பேர் முதன்முறையாக வந்தவர்கள் என்பதை எண்ண வேண்டும். இந்த எண்களைத் துறைவாரியாக வெளியிட்டால், பதிலே போடாத துறை எது என்று ஊருக்குத் தெரியும்.

தொடர்ந்து மூன்று கூட்டத்தில் கோரம் சேரவில்லை என்றால் மன்றத்தைக் கலைத்துவிடலாம் என்று சில அலுவலர்கள் கோப்பு எழுதத் தொடங்குவார்கள். அதற்கு முன்னால் ஒருங்கிணைப்பு அலுவலர் பதிவேட்டைத் திறந்து, பதில் வராமல் கிடக்கும் தீர்மானங்களைத் தனியே எடுக்கட்டும். அந்தந்தத் துறையில் உட்கார்ந்து, மறுப்பாக இருந்தாலும் சரி, கையெழுத்தோடு பதில் வாங்கட்டும். பிறகு அவற்றை எழுப்பியவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, தாளைக் கையில் கொடுத்து, அடுத்த கூட்டம் எப்போது என்று சொல்லிவிட்டு வரட்டும். தெருவிளக்கைப் பற்றிக் கேட்டவரின் வீட்டிலிருந்து தொடங்கலாம்.